சுவிட்சுக்கு மட்டும் மன்னிப்பு

2025 ஜனவரி 9, வியாழன்

ஞாயிறு பூசைக்குக் கீபோர்டு வாசிக்க இனிமேல் நான் வேண்டாமாம். பத்தொன்பது வருஷம் வாசித்ததற்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். அனுப்பியவன் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த தம்பி ஜாய்சன். பாடகர் குழுவுக்கு அவன் தலைவனாகி மூன்று மாதம் ஆகிறது. புதுக் கீபோர்டு வாங்கியிருக்கிறார்கள். பட்டனை அமுக்கினால் தபேலா, டிரம்ஸ், கிட்டார் எல்லாவற்றையும் அதுவே வாசித்துக்கொள்ளும். “நீ ரெஸ்ட் எடுக்கா” என்று எழுதி, கடைசியில் கும்பிடுகிற இரண்டு கைகளையும் போட்டிருக்கிறான்.

பதில் போடவில்லை. போட்டால் பச்சையாகப் போடுவேன். ஆனால் போட முடியாது.

ஏன் முடியாது என்பதை இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன். என் புருஷன் ரோச் சங்கு குளிக்கிறவர், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வருகிற காற்றுக் குழாயை, ஓஸை, வாயில் கடித்துக்கொண்டு அவர் கடலுக்கு அடியில் கிடப்பார். மேலே அந்த ஓஸையும் இடுப்புக் கயிற்றையும் பிடித்திருப்பவன் ஜாய்சன். எங்கள் ஊரில் குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிப்பது அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான். முத்துக் குளித்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம். அக்காளின் தாலி அறுவதை எந்தத் தம்பியும் விரும்பமாட்டான் என்று எவனோ யோசித்து வைத்திருக்கிறான். ஆக, நான் வாயைத் திறக்கக் கூடாது.

ஜனவரி 12, ஞாயிறு

பூசைக்குப் போய்ச் சனங்களோடு உட்கார்ந்தேன். காணிக்கைப் பாட்டுக்கு டிஸ்கோ தாளம். நன்மை அப்பம் கொடுக்கும் நேரத்தில் அந்த மெஷின் தானாகவே ஒரு தரம் கைதட்டியது. ஜாய்சன் எந்தப் பட்டனைத் தொட்டானோ. பீடத்துக்கு முன்னால் கைதட்டல், யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் இன்றைய நாள் முழுதும் மனசு நிறைந்திருந்தது.

ஜனவரி 20, திங்கள்

கப்பலிலிருந்து இறங்கி எங்கள் மாலுமிகள் மன்றத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது வைஃபை. கூப்பனும் சிம் கார்டும் டீயும் கொடுப்பதுதான் என் உத்தியோகம். இன்று வந்த நரைத்த தலை வெள்ளைக்கார என்ஜினியர் வைஃபை கேட்கவில்லை. அலமாரி மேல் தூசியடைந்து கிடந்த டேப் ரெக்கார்டரைக் கைகாட்டினார். பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துப் போட்டார்.

முக்கால் மணி நேரம் அதே நாலு நோட்டு. பாட்டு கிடையாது, பல்லவி கிடையாது. எங்கேயோ ஒரு மேளம், நடக்க மாட்டாதவன் நடக்கிற மாதிரி. சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். குறைத்துவிட்டு, கேட்காமலே கதை சொன்னார். தொண்ணூற்று நாலில் தபாலில் வாங்கிய கேசட்டாம். ஒரே ஒரு பையன் தன் வீட்டு அறையில் தனியாக உட்கார்ந்து செய்ததாம். கேட்டாலே தெரிகிறது என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

கேசட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கப்பல் விடியற்காலையில் கொழும்புக்கு.

ஜனவரி 21, செவ்வாய்

கேசட் அட்டை ஜெராக்ஸ் எடுத்தது. பென்சிலில் வரைந்த கோட்டை, பின்னால் மலை. பிரித்தால் உள்ளே ஒரு வரைபடம்: ஆறு, காடு, பாலம், எல்லாவற்றுக்கும் பெயர். அப்படி ஒரு நாடு எங்கேயும் இல்லை என்பது பார்த்தாலே தெரிகிறது.

குற்றம் கண்டுபிடிக்கத்தான் மறுபடி போட்டேன். நிறைய இருக்கிறது. இரண்டு குரல்களும் ஒரே இடைவெளியில் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. எனக்கு இசை சொல்லிக்கொடுத்த சிஸ்டர் இதற்கு ஸ்கேலால் விரல் முட்டியில் அடிப்பார்கள். மேளம் கொஞ்சம் பிந்துகிறது. வயலின் வயலினே இல்லை. டேப்பின் இரைச்சல் மேலே காற்று மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. செய்தவனுக்கு வாசிக்கத் தெரியாது. தெரியாதே என்று அவன் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. கைதட்டலுக்காக அவன் ஒரு நோட்டுகூடப் போடவில்லை.

இரண்டாம் பக்கத்தையும் போட்டேன். ஐந்தே காலுக்கு வருகிற பஸ்ஸை விட்டுவிட்டேன். இது எரிச்சலாக இருக்கிறது.

ஜனவரி 25, சனி

போனில் தேடினேன். அந்த வகை இசைக்கு டன்ஜன் சிந்த் என்று பெயராம். டன்ஜன் என்றால் கோட்டைக்கு அடியில் இருக்கிற இருட்டுச் சிறை. தொண்ணூறுகளில் குளிர் நாடுகளில் சில பையன்கள், காது கிழிகிற கிட்டார் பாட்டுகளுக்கு நடுவே, ஓரமாக இதைச் செய்திருக்கிறார்கள். மலிவான கீபோர்டு, வீட்டிலேயே டேப்பில் பதிவு, தபாலில் விற்பனை. ராஜா, மந்திரவாதி, பூதம், இல்லாத ஊர்கள். பெயரே பல வருஷம் கழித்து யாரோ வைத்ததுதானாம். ஒருத்தனும் கோட்டையில் பிறந்தவன் இல்லை. அம்மா போட்ட சோற்றைத் தின்றுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ராஜ்யம் கட்டியவர்கள்.

பாதி அட்டைகளில் மண்டை ஓடு. சிலுவை போட்டுக்கொண்டு போனை மூடினேன். மறுபடி திறந்தேன். இந்த வாரம் பதினொன்று கேட்டாயிற்று. எட்டு குப்பை. மூன்று குப்பை இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் பின்னணியில் ஒரு கூட்டம் ‘ஆ’ என்று பாடுகிறது. அந்த ‘ஆ’ எனக்குத் தெரிந்த ‘ஆ’. கோயிலின் பழைய கீபோர்டில் ஐம்பத்து மூன்றாம் எண். பெரிய வெள்ளியன்று மட்டும் அதைப் போடுவேன்.

அந்தக் கீபோர்டு எங்கே என்று கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டேன். மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பெஞ்சுகள்மேல். இரண்டாயிரத்து இருபத்து மூன்று வெள்ளத்தில் கோயிலுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோதுகூட நனையாமல் தப்பித்தது, இப்போது எலி மூத்திரத்தில் கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு கட்டை செத்துவிட்டது. மற்றபடி எல்லாம் பேசுகிறது.

பிப்ரவரி 8, சனி

குசினி மேசைமேல் கீபோர்டு, ஸ்டூலில் நான். ரோச் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டே நின்று கேட்டார். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாக அவரிடம் கேட்டேன், கீழே என்னதான் இருக்கிறது என்று. சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டாலே மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன், ஒரு மணி நேரம் பேசினார்.

கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத் திட்டுகளை ‘பார்’ என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கோயில் கோபுரமும் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியும் கடலிலிருந்து பார்க்கையில் ஒரே கோட்டில் வந்தால் அதற்குக் கீழே மூணுபனைப்பார். அதற்குக் கிழக்கே தூங்குமூஞ்சிப்பார். அங்கே நீரோட்டமே கிடையாது, மணலைக் கிளப்பினால் கிளம்பியது அடங்குவதற்குள் ஒரு சங்குகூடக் கண்ணில் படாது. அதற்கும் அப்பால் ஒரு பள்ளம். அதற்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை, ஓஸ் எட்டாது.

இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைபடம் போட்டேன். மூணுபனைப்பாருக்குக் காவல்காரர்கள். தூங்குமூஞ்சிப்பாருக்கு ஒரு ராணி, மணல் அடங்குவதற்காகக் காத்திருக்கிறாள். பள்ளத்தில் மேலே வர மறுக்கிற ராஜா. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு, ஐம்பத்து மூன்றாம் எண்ணில். ராஜாவின் பாட்டில் இரண்டு குரலும் ஒன்றாகவே இறங்கும். சிஸ்டர் மன்னிக்கட்டும்.

வாசித்துக் காட்டியதும் ரோச் சொன்னது: “கீழ சத்தமே கிடையாதுளா. ஆனா இப்படித்தான் இருக்கும்.”

சந்தோஷமாக இருக்கிறது. எழுதிவைக்கிறேன், பிறகு இல்லையென்று ஆகிவிடக் கூடாது.

பிப்ரவரி 14, வெள்ளி



எனக்கு வார விடுமுறை. மிக்சரில் இரைச்சல் வருகிறது, பார்த்துவிட்டுப் போ என்று கோயில்பிள்ளை கூப்பிட்டார். ஒயரைச் சரிசெய்தேன். கோயில் காலியாக இருந்தது. ராஜாவின் பாட்டைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன், நாலு நிமிஷம் நாற்பது வினாடி. அவ்வளவு பெரிய இடத்தில் அது எப்படிக் கேட்கும் என்று ஓர் ஆசை. போனை மிக்சரில் சொருகினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

கோபுரத்து ஹாரனின் சுவிட்ச் போட்டே கிடந்திருக்கிறது. நேற்று ரேஷன் அறிவிப்புக்குப் போட்டவன் அணைக்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

கடலில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், எங்கள் ஊர்க் கோயில் ஹாரனில் பாட்டில்லாமல் வெறும் ஆர்கனை மட்டும் மெதுவாகப் போடுவார்கள். பேச்சு இருக்காது. அதைக் கேட்டால் பெண்கள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடுவார்கள், கரையிலிருந்து வாக்கிடாக்கியில் சொல்லிக் கடலிலிருக்கிற வள்ளங்கள் எல்லாம் திரும்பும். இது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். என் பாட்டும் வார்த்தையில்லாமல் மெதுவாகப் போகிறது, தூரத்தில் ஆர்கன் மாதிரியேதான் கேட்டிருக்கும்.

நான் கண்ணைத் திறந்தபோது ஊரே கடற்கரையில் இருந்தது. ஜாய்சன் பெண்டாட்டி மெட்டில்டா மீன் கழுவிய கையோடு ஓடித் கடலுக்குள் கல்லடுக்கிய தூண்டில் பாலத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. பதினாலு வள்ளங்கள் திரும்பின. யார், யார் என்று ஒவ்வொருத்தியும் தலையை எண்ணினாள். எல்லாரும் இருந்தார்கள். அப்புறம்தான் என்னைத் தேடினார்கள்.

பிப்ரவரி 15, சனி

ரோச் ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். நேற்று வாக்கியில் செய்தி வந்ததும் ஜாய்சன் பதறி அவரை ஒரே மூச்சில் மேலே இழுத்துவிட்டான். கீழேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வர வேண்டும். அவசரமாக வந்தால் மூட்டுக்குள் காற்று அடைத்துக்கொள்ளும். இடது தோளை அசைக்க முடியவில்லை. டாக்டர் உயிருக்குப் பயமில்லை என்றார்.

ஜாய்சன் வார்டு வாசலில் நின்றான். அவனுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. “இந்தக் கையாலதான் இழுத்தேன். அத்தான் செத்திருந்தா நான் கொன்னதா, நீ கொன்னதாக்கா?” என்றான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஊர்க் கமிட்டி என்னை முன்னால் கூப்பிட்டது. ஃபாதர் மெதுவாகத்தான் பேசினார். நான் மைக் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். சுவிட்சைப் பார்க்காதது என் குற்றம், மெட்டில்டா கைக்கும் ரோச்சின் தோளுக்கும் ஓடி வந்த எல்லோருக்கும் நான்தான் பொறுப்பு என்றேன். அழுதேன். அது நடிப்பில்லை.

அதோடு விட்டார்களா? கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்து, அந்தப் பாட்டே பேய்ப் பாட்டு, நெட்டில் பார்த்தோம், மண்டை ஓடு போட்டிருக்கிறது, இனி வாசிக்கமாட்டேன் என்று இங்கேயே சொல்ல வேண்டும் என்றார். ஜாய்சன் தலையை ஆட்டினான். முன்வரிசைப் பெண்கள் எல்லோரும் ஆட்டினார்கள்.

“சுவிட்சுக்கு மன்னிப்புக் கேட்டாச்சி. பாட்டுக்குக் கேக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். திமிர் என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்கள்.

பிப்ரவரி 17, திங்கள்

கடையில் தேங்காய் கேட்டேன். காதில் விழாத மாதிரி அடுத்தவளுக்குக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ரோச் வீட்டுக்கு வந்துவிட்டார். இன்னும் இரண்டு வாரத்தில் குளிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் யார் கயிறு பிடிப்பது? பாட்டுக்கும் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் ஜாய்சன் பிடிக்கமாட்டானாம். ஆள் வைத்துச் சொல்லி அனுப்பியிருக்கிறான். சரி, வேறு ஆளைப் பார்க்கலாம் என்றால் ஒருத்தனும் வரவில்லை. சொந்த மச்சினன் உயிரோடு இருந்துகொண்டு கைவிட்டவனுக்கு அடுத்தவன் கயிறு பிடித்தால், ஏதாவது நடந்தால் பழி அவன் தலையில் விழும். நானும் இந்த ஊர்க்காரிதான், நானாயிருந்தாலும் பிடிக்கமாட்டேன்.

மார்ச் 5, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சண்டை. ரோச் ஆரம்பித்தார், “ஒரு வார்த்தைதானளா, சொல்லிட்டு வா” என்று. அவர் கேட்டதில் தப்பில்லை. ஒரு வாரமாக உப்பு கோடவுனில் மூட்டை எண்ணுகிற வேலை பார்க்கிறார். கடலைப் பார்க்காதவர் மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

கீழே இப்படித்தான் இருக்கும் என்று சொன்னது நீங்கள்தானே, அதைப் பொய் என்று மைக்கில் சொல்லவா என்று கேட்டேன். அவர் எழுந்து கை கழுவினார். தட்டில் பாதிச் சோறு.

நான் பிடிவாதக்காரியா? ஆமாம். ஒரு கீபோர்டுக்காகப் புருஷனைக் கோடவுனில் உட்கார வைத்திருக்கிறேனா? அதுவும் ஆமாம். தெரிந்துகொண்டேதான் எழுதுகிறேன். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

போகவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன்.

மத்தியானம் பன்னிரண்டுக்கு ஹாரனில் ஆர்கன் போட்டார்கள். மன்றத்தில் டீ வாங்க வந்த எங்கள் ஊர் ஆட்டோக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜெமி என்கிறவனின் வள்ளம் கவிழ்ந்துவிட்டது, கூடப் போனவன் நீந்திப்போய் இன்னொரு வள்ளத்தைப் பிடித்து வாக்கியில் சொன்னான், அந்த ஒரு வள்ளம் தேடியும் ஜெமி கண்ணில் படவில்லை. கோயில்பிள்ளை உடனே ஆர்கனைப் போட்டிருக்கிறார். ஒருத்தியும் ஓடவில்லை. வாசலில் நின்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு, விஜிலா, அதாவது நான், மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள் என்றார்களாம். கரையிலிருந்த வள்ளங்களைத் தள்ள ஆள் சேர்வதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது.

ஜெமி உயிரோடு கிடைத்தான். கவிழ்ந்த வள்ளத்தை மூன்றரை மணி நேரம் கட்டிப்பிடித்துக் கிடந்திருக்கிறான், உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தபோது அவன் அம்மா தெருவில் நின்றாள். காறித் துப்பினாள், என் மேல் படாமல் பக்கத்தில். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

வீட்டுக்கு வந்து கீபோர்டை மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஜாய்சன் வந்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு என் வீட்டு வாசல். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

கமிட்டி கூடியதாம். ஆர்கனை இனிமேல் நம்ப முடியாது, கேட்டால் சனம் யோசிக்கிறது. சைரன் வைக்கலாம் என்றால் ஐஸ் கம்பெனியில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அதே சத்தம். மணி என்றால் எல்லாவற்றுக்கும் மணி அடிக்கிறது. யாரும் வேறு ஒன்றோடு குழப்பிக்கொள்ளாத சத்தம் வேண்டும், கேட்ட மாத்திரத்தில் கால் ஓட வேண்டும். மூன்று மணி நேரம் பேசியும் ஒன்றும் முடிவாகவில்லை. கடைசியில் மெட்டில்டாதான் சொன்னாளாம், அன்றைக்குக் கேட்டதை இந்த ஊரில் எவளும் சாகிற வரைக்கும் மறக்கமாட்டாள் என்று.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“அந்தப் பாட்டைத் தாக்கா. ஃபாதரும் சரின்னுட்டாரு” என்றான்.

பேய்ப் பாட்டு என்று தலையாட்டிய அதே கூட்டம். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அத்தான் கயிற்றைப் பிடி, தருகிறேன் என்றேன். முகம் கறுத்துப்போனான். “சாவுச் சங்கதியில பேரம் பேசுதியா?” என்றான். ஆமாம் என்றேன். அவன் என் பெயரைப் பாடகர் குழுவிலிருந்து எடுத்தபோது கும்பிட்ட கை போட்டானே, எனக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. வெளியே போனான். கதவு வரை போய்விட்டு நின்றான்.

“என் கையி இன்னும் நடுங்குதுக்கா” என்றான். அதை மட்டும் அவன் சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் அதுவரை அவன் வீம்புக்குத்தான் வர மறுக்கிறான் என்றே நினைத்திருந்தேன்.

நடுங்கினாலும் பிடி என்று சொன்னேன்.

மார்ச் 19, புதன்

ராஜாவின் பாட்டைக் கோயில்பிள்ளையிடம் பென் டிரைவில் கொடுத்தேன். மிக்சர் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு அட்டை எழுதி ஒட்டியிருக்கிறார்: கடல் ஆபத்துக்கு மட்டும். வேறெதற்கும் அதைப் போடக் கூடாது, பழகிப் பார்ப்பதற்குக்கூடப் போடக் கூடாது என்று தீர்மானம். வீட்டில்கூட நான் அதை வாசிக்கக் கூடாதாம், சன்னல் வழியாகக் கேட்டுவிடுமாம். கையெழுத்துப் போட்டேன்.

நான் செய்தவற்றில் இந்த ஊர் ஏற்றுக்கொண்டது இது ஒன்றுதான். எந்த நாளும் அது கேட்கக் கூடாது என்று ஊரே செபிக்கும். நானும் செபிக்கிறேன். மற்ற இரண்டு பாட்டும் என்னுடையவை, அவற்றை யாரும் கேட்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

ரோச் இன்று கடலுக்குப் போனார். ஜாய்சன் கூடப் போனான். ஓஸை மூன்று தடவை சோதித்துப் பார்த்தான். மன்றத்துக்கு லீவு சொல்லிவிட்டேன், ஏன் என்று கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

பத்தே முக்காலுக்குக் குழம்பு கொதிக்கும்போது கோபுரத்து ஹாரன் கொரகொரவென்றது.

நாளை மாநகராட்சித் தண்ணீர் வராது, பொதுமக்கள் சேமித்து வைத்துக்கொள்ளவும் என்ற அறிவிப்பு அது. நான் அதைக் கடற்கரையில் நின்றுகொண்டுதான் முழுதாகக் கேட்டேன். காலில் செருப்பில்லை. கையில் கரண்டி. என்னைச் சுற்றி இருபது முப்பது பேர் இரைக்க இரைக்க நின்றார்கள். ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை. மெட்டில்டா மாவுக்கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். பிப்ரவரியிலிருந்து என் முகத்தைப் பார்க்காதவள்.

“அடுப்ப அணைச்சிட்டு வந்தியளா மைனி?” என்று கேட்டாள்.

அணைக்கவில்லை.